எண்ணூறு புள்ளி முகம்

ரொட்டி வாங்கத்தான் டுஃபியே அன்று காலையில் கோனங்கோ சந்திக்கு வந்தாள். கணவன் யாவ் ஜாமெரா இறந்தபிறகு அவள் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டுவது அதுதான் முதல் தடவை. கறுப்புத் துணி உடுத்தி, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். ரொட்டிக்காரி மீதிக் காசை எண்ணிக் கொடுப்பதற்குள், பக்கத்தில் மக்காச்சோளக் கென்கே விற்கிற எசி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"மனசைத் தேத்திக்கோ டுஃபியே" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தப் பேனரைப் பாத்துட்டு நான் யாவோட அண்ணன் யாரோ செத்துட்டார்னு நெனச்சேன். பேரைப் படிச்சப்புறந்தான் வெளங்குச்சு."

"எந்தப் பேனர்?"

எசி மோவாயைத் தூக்கிக் காட்டினாள்.

மின்கம்பத்துக்கும் பாதாம் மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே சிவப்பில் கொட்டை எழுத்து: 'என்ன அதிர்ச்சி!' அடக்க நாள், இடம், குடும்பத்தின் பெயர். நடுவில் ஒரு முகம். ஒல்லிப்பிச்சானான யாவை இரண்டு பக்கமும் ஆள் நின்று பிடித்து இழுத்ததுபோல் கன்னங்கள் பூசணிக்காயாக விரிந்திருந்தன. தோல், பல தடவை சோப்புப் போட்டுத் துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்குள் கண் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். மோவாய்க்குக் கீழே எதையோ தேய்த்து அழித்த தடம். அந்தத் தடத்தோடு தாடியில் பாதியும் போயிருந்தது.

அழித்தது எதை என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அங்கே இருந்தது அவள் பெயர்.

பஸ் நிலையத்தை ஒட்டி ஸ்டுடியோ வைத்திருப்பவள் டுஃபியே. கல்யாணம், பெயர்சூட்டு, அடக்கம் என்று அந்த வட்டாரத்தில் அவள் கேமராவுக்கு முன்னால் நிற்காத வீடு குறைவு. எடுத்த படத்தை முகநூலில் போடுமுன் நீளவாக்கில், பிக்சல் கணக்கில், எண்ணூறு புள்ளிக்குச் சுருக்கிவிடுவாள். குறுக்கே சாம்பல் எழுத்தில் 'டுஃபியே போட்டோ' என்று ஓடவிடுவாள். போனில் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அச்சுக்கு ஏற்றினால் பல்லை இளித்துவிடும். இளிக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். ஏதோ பள்ளிக்கூடக்காரர்கள் கேட்காமல் கொள்ளாமல் அவள் படங்களை எடுத்து நாட்காட்டி போட்ட பிறகு வந்த பழக்கம் அது.

பேனரில் இருந்தது ஈஸ்டர் சமயத்தில் எடுத்த படம். யாவ் பஸ் நிலையத்துக்குப் பொறுப்பாளன். நாளெல்லாம் டிரைவர்களோடு கத்துவதுதான் வேலை. அன்று அவள் சாப்பாடு கொண்டுபோனபோது யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவன், அவள் கேமராவைத் தூக்கியதும் திரும்பிச் சிரித்துவிட்டான். அதன் முழுப் படம் ஆறாயிரம் புள்ளி அகலம். தாடியில் நரைத்த மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அது அவளிடம், அவள் கணினியில் இருந்தது. ஊருக்கே அது தெரியும்.

ரொட்டியை எசியின் மேசைமேலேயே மறந்துவிட்டு டுஃபியே நடந்தாள்.

அட்டாவின் அச்சுக்கடை பெட்ரோல் பங்குக்குப் பின்னால். வாசலிலேயே பேனர் மெஷினின் இரைச்சலும் மை நாற்றமும் முகத்தில் அடித்தன. அவளைக் கண்டதும் அட்டா எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"சிஸ்டர், முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க."

"உன் தண்ணியைக் குடிக்க வரல. உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா அட்டா? சந்தியில தொங்குறதை நீதான அடிச்ச?"

"உங்க நாத்தனார், சிஸ்டர் சர்போமா, போனைக் கொண்டாந்து காட்டி, இதுதான் இருக்குன்னாங்க. இது சின்னப் படம், ஒரிஜினல் இல்லாம ஆகாதுன்னு நான் சொன்னேன். அது காணாமப் போயிருச்சுன்னாங்க."

"காணாமப் போச்சா! என் கடை இங்கேர்ந்து பாத்தாத் தெரியுது. என் நம்பர் உன் செவுத்துல எழுதியிருக்கு. படத்து மேலயே என் பேரு இருந்துச்சு. அதை அழிக்கத் தெரிஞ்ச உனக்கு, படிக்கத் தெரியலையா?"

"அது குடும்ப விவகாரம் சிஸ்டர். நான் எப்படி மூக்கை நுழைக்கிறது?"

"முகத்தையே பிடிச்சு ஒரு முழம் இழுத்தியே, அதுக்கு மட்டும் குடும்பம் இடம் குடுத்துச்சா?"

அட்டா தலையைச் சொறிந்தான். "படம் நெட்டுக்குத்தா இருந்துச்சு. பேனர் படுக்கைவசம். பக்கத்துல வெள்ளையா எடம் விடக்கூடாது, மூளியா இருக்கும்னாங்க. அதான் கொஞ்சம்..."

"கொஞ்சம்! உயிரோட இருந்தவரைக்கும் அந்த மனுசன் சதை போடல. நான் எவ்வளவு பாம்நட் சூப் ஊத்தியும் போடல. செத்தப்புறம் நீ போடவச்சுட்ட."

பின்னால் பேனர் துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அட்டா சிரிக்கவில்லை. அடக்க மைதானத்துக்குப் பெரிய பேனர், ஊர் முழுக்க ஒட்டச் சுவரொட்டி, சட்டை, ஆராதனைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இதே படத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு நாளில் மெஷினில் ஏற்றவேண்டும்.

"சட்டையிலயுமா? அந்தப் பூசணிக்காயை நெஞ்சுல ஒட்டிக்கிட்டு எல்லாரும் ஊர்வலம் போகப் போறாங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

யாவின் குடும்ப வீடு மாதாகோயில் மேட்டில் இருந்தது. அக்கா சர்போமா முற்றத்தில் குந்தி மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் பொன்சு, 'ஒபனின்' என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கிற குடும்பத் தலைவர், சுவரோரம் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டுஃபியே பெரியவருக்கு மட்டும் குனிந்து வணக்கம் சொன்னாள்.

"போட்டோக்கார மகாராணி வந்திருக்காங்க" என்றாள் சர்போமா, கத்தியை நிறுத்தாமல்.

"சிஸ்டர் சர்போமா, சந்தியில தொங்குறது யாரு?"

"என் தம்பி."

"அது உங்க தம்பியா? பெத்த தாய் எந்திரிச்சு வந்தாலும் அடையாளம் தெரியாது. சந்தி சிரிக்குது."

"சிரிச்சிட்டுப் போகட்டும். இருந்ததை வச்சுச் செஞ்சோம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேக்காம? போன்ல பேசி அனுப்பினேன். நீ கேட்டியா, இல்லையா? அந்த ரெண்டு நீலக் கோடு எனக்கும் தெரியும்."

உண்மைதான். வாட்ஸாப்பில் குரல் பதிவு வந்திருந்தது. 'எங்க தம்பி போட்டோ நல்லதா ஒண்ணு அனுப்பு. சீக்கிரம்.' அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு டுஃபியே போனைக் கட்டில்மேல் வீசி எறிந்திருந்தாள்.

"அது எந்த நாளுன்னு நெனவிருக்கா உங்களுக்கு?" டுஃபியே ஒரு எட்டு முன்னால் வந்தாள். "அன்னைக்குக் காலையிலதான் நீங்க சொல்லாம கொள்ளாம அவரை வேற ஊர் சவக்கிடங்குக்கு எடுத்துட்டுப் போனீங்க. சலவை பண்ணின சட்டையும் மூக்குக்கண்ணாடியும் எடுத்துக்கிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலிக் கட்டில். அங்க இருந்த நர்சுப் பொண்ணு என்னைப் பாத்து, 'நீங்க அவருக்கு என்ன வேணும்'னு கேட்டா. இருபத்தோரு வருசம் அவரோட குடித்தனம் பண்ணினவளைப் பாத்து!"

"பொணம் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். இது இன்னைக்கு நேத்து வந்த வழக்கமா?"

"பொணம் உங்களுது. நான் வழக்குப் பேச வரல. போட்டோ என்னுது."

சர்போமா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "ட்வியா!" என்று காறித் துப்புவதுபோலச் சொன்னாள். "உன்னுதா? தக்காளிக் கூடை சொமந்து சொமந்து என் கழுத்து குட்டையாப் போச்சு. அந்தக் காசுலதான் அவன் பள்ளிக்கூடம் போனான். காலுக்குச் செருப்பு வாங்கிக் குடுத்தவ நான். அவன் தலையெடுத்ததும் என்ன பண்ணினான்? உனக்குக் கேமரா. உனக்குக் கடை. அம்மா செத்த வீட்டோட இந்தக் கூரையைப் பாரு. மழை பேஞ்சா வெளியில நிக்கிறதும் உள்ள நிக்கிறதும் ஒண்ணுதான்."

"அதுக்கு அவர் மூஞ்சியைக் கெடுப்பீங்களா?"

"போதும்" என்றார் ஒபனின் பொன்சு. ரேடியோவை அணைத்தார். "காலங்காத்தால என் தலையைத் தின்னாதீங்க. டுஃபியே, படத்தைக் குடுத்துட்டுப் போ."

"பெரியவரே, நீங்க சொன்னா மறுக்க மாட்டேன். ஆனா அவங்க வாயால கேக்கட்டும்."

பெரியவர் சர்போமாவைப் பார்த்தார். சர்போமா மரவள்ளித் தோலைக் கூடையில் அள்ளிப் போட்டாள். அள்ளி முடித்த பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"கலங்கின மூஞ்சியோட வேணாலும் பொதைப்பேன். அவகிட்டக் கையேந்த மாட்டேன்."

"அப்ப பொதை!" என்று கத்தினாள் டுஃபியே. "பொதைச்சுட்டுப் போ! நாளைக்கு உன் பேரப்பிள்ளைங்க அந்தப் படத்தைப் பாத்து இவரு யாருன்னு கேக்கட்டும். எந்த ஊர்ப் பூசணின்னு கேக்கட்டும்!"

மேட்டிலிருந்து விடுவிடுவென்று இறங்கினாள். எதிரே வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லாததை வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாம் உன்னாலதான் யாவ். 'விடு டுஃபியே, விடு டுஃபியே'ன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்ட. நடுவுல நின்னு ஒரு தடவை பேசியிருந்தா இந்தக் கதி வருமா? நீ பாட்டுக்குப் போயிட்ட. நான் இதுங்களோட மல்லுக்கட்டணும்."

மறுநாள் முழுக்க அவள் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. படத்தைக் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவோடு சமைத்தாள், அந்த முடிவோடு சாப்பிடாமல் எழுந்தாள். மதியம் மின்சாரம் போய், வந்தது. வந்ததும் வீட்டிலிருந்த கணினியின் முன்னால் போய் உட்கார்ந்து, பார்ப்பதற்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு முழுப் படத்தைத் திறந்தாள்.

யாவ் சிரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரையில் படத்தைக் கத்தரிக்கும் சட்டத்தை எடுத்தாள். யாருக்காகவும் இல்லை. அந்த மனிதன் அந்த முகத்தோடு மைதானத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

முகநூலுக்காக நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தாளே தவிர, எடுத்த படம் படுக்கைவசம்தான். யாவின் வலதுபக்கம் நீலப் பஸ்ஸின் மூக்கும், இடதுபக்கம் நிலையத்தின் மஞ்சள் சுவரும் இருந்தன. பேனருக்கு எதையும் இழுக்கவேண்டியதே இல்லை. சுவர் மேல் எழுத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. அப்படியே முழுசாக வைத்தாள். சுவரொட்டிக்கு நெஞ்சுவரை நெட்டுக்குத்தாக ஒரு வெட்டு. சட்டைக்கு முகம் மட்டும். புத்தக அட்டைக்குச் சின்னதாக ஒன்று. கைக்குள் வைத்துப் பார்க்கிற படம் என்பதால் அதில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் அந்தந்த அளவில் தனித்தனியாகச் சேமித்தாள்.

நிறத்தில்தான் நேரம் பிடித்தது. திரை வெளிச்சம் கொடுக்கும். மை வெளிச்சத்தைக் குடிக்கும். அட்டாவின் மெஷினில் கறுத்த தோல் கரியாகிவிடும். அதற்குப் பயந்துதான் எல்லோரும் முகத்தை மொத்தமாக வெளுத்துத் தொலைக்கிறார்கள். அவள் கண்குழியிலும் கன்னத்து நிழலிலும் மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டாள். மற்றதெல்லாம் யாவின் நிறம். வெயிலில் நின்று நின்று காய்ந்த, நெற்றியில் லேசாகப் பளபளக்கிற அந்த நிறத்தை யாரும் தொடக்கூடாது. திட்டிக்கொண்டேதான் செய்தாள். அட்டாவைத் திட்டினாள், சர்போமாவைத் திட்டினாள், சட்டென்று சிரித்துத் தொலைத்தவனையும் திட்டினாள்.

கடைசியாக, போனில் அனுப்ப ஒன்று. எண்ணூறு புள்ளி. குறுக்கே 'டுஃபியே போட்டோ'. வழக்கத்தைவிட எழுத்தைப் பெரிதாகவே போட்டாள்.

எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அட்டாவின் கடைக்குப் போனபோது, அங்கே சர்போமாவும் ஒபனின் பொன்சுவும் இருந்தார்கள். அச்சுக்கு ஏற்றுமுன் ஒருதடவை பார்க்கவேண்டும் என்று அட்டா வரச் சொல்லியிருந்தானாம். டுஃபியே இருவரிடமும் பேசவில்லை. பென்டிரைவை அட்டாவின் முன்னால் டக்கென்று வைத்தாள்.

"இதைப் போடு."

படம் திரையில் விரிந்தது. மடிக்கிற பெண்கள் துணியோடு எழுந்து வந்தார்கள். ஒபனின் பொன்சு, "பாரு, அந்தப் பய என்னமோ நம்மளத் திட்டப்போற மாதிரி இருக்கான்" என்றார்.

அட்டாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இதுதான் படம்! பேனர்ல எவ்வளவு தெளிவா வரும்னு காட்டுறேன் பாருங்க" என்று முகத்தைப் பெரிதாக்கினான். கன்னத்துச் சுருக்கம் வந்தது. இமை மயிர் வந்தது. மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் திரையை நிறைத்தன. இரண்டுக்குள்ளும் ஒரே உருவம் சின்னதாக நின்றது: மஞ்சள் தலைத்துணி, விரிந்த முழங்கைகள், முகத்துக்கு முன்னால் கேமரா.

டுஃபியேவுக்கு அது தெரியும். வேலை செய்யும்போதே பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, அங்கே மட்டும் கையே வைக்கவில்லை.

"அது யாரு, கண்ணுக்குள்ள?" என்றாள் சர்போமா.

மஞ்சள் தலைத்துணியைப் பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அழி" என்றாள் அட்டாவைப் பார்த்து. "பேரை அழிச்சல்ல, அதே மாதிரி இதையும் அழி. அடக்கத்துக்கு வர்றவங்க என் தம்பியைப் பாக்கட்டும். இவளையும் சேத்து எதுக்குப் பாக்கணும்?"

அட்டாவின் கை மவுஸை நோக்கிப் போயிற்றோ இல்லையோ, டுஃபியே அதைத் தட்டிவிட்டாள். மவுஸ் மேசையிலிருந்து விழுந்து ஒயரில் தொங்கியது.

"தொட்டுப் பாரு! கையை ஒடிச்சுருவேன்!" பிறகு சர்போமாவின் பக்கம் திரும்பினாள். "அவர் யாரைப் பாத்துச் சிரிக்கிறார்னு நெனச்ச? உன்னையா? பஸ்ஸையா? நான் அவர் முன்னாடி நின்னேன், அதனால கண்ணாடியில நிக்கிறேன். நானா போய் ஒட்டிக்கல. என்னை அழிக்கணுமா? சரி, அழி. அப்புறம் அந்தச் சிரிப்பையும் அழி. பல்லையும் பிடுங்கு. என்கிட்டேர்ந்து வந்தது எதெது உண்டோ எல்லாத்தையும் எடுத்துட்டு, மிச்சம் என்ன இருக்கோ அதைப் பேனர்ல போடு!"

"நான் வளத்த பிள்ளை அவன்!" சர்போமாவும் கத்தினாள். கத்தியதில் குரல் உடைந்தது. "தாய் மாதிரி வளத்தேன். அந்தக் கண்ணுல நான் எங்கடி இருக்கேன்?"

டுஃபியே குனிந்து, தொங்கிய மவுஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதையும் கோபமாகத்தான் வைத்தாள்.

ஒபனின் பொன்சு கைத்தடியை ஊன்றி எழுந்து, திரைக்கு அருகே போய், மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"செத்தவன் கண்ணை நோண்டச் சொல்றியா சர்போமா?" என்றார். "இந்த வாரம் பூரா நான் சந்தைப் பக்கம் போக முடியல. பனங்கள்ளுக் கடையில ஒவ்வொருத்தனும், 'பெரியவரே, பூசணிக்கு என்னைக்கு அடக்கம்'னு கேக்குறான். இந்த வயசுல எனக்கு இது தேவையா? அட்டா, இருக்கிறபடியே அடி. சந்தியில தொங்குறதை இன்னைக்கே இறக்கு. எனக்குப் பசிக்குது."

சர்போமா தோள்துணியை உதறிப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியேறினாள்.

அடக்கத்தன்று மைதானம் கறுப்பும் சிவப்புமாக நிறைந்தது. பந்தல்கள், நாற்காலிகள், காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி. நடுவில் யாவ், நீலப் பஸ்ஸுக்கும் மஞ்சள் சுவருக்கும் இடையில், கூட்டத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். பஸ் நிலையத்து டிரைவர்கள் கும்பலாக வந்து பேனரின் முன்னால் நின்று, "பொறுப்பாளரே, ஏன் இப்ப கத்த மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள். போனைத் தூக்காத கை இல்லை. டுஃபியே விதவைக்குரிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சர்போமா எதிர்ப்பந்தலில். நாள் முழுக்க இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு தடவை மட்டும், கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்த நேரத்தில், சர்போமா தனியாகப் போய்ப் பேனரின் கீழ்மூலையை இழுத்துச் சுருக்கத்தை நீவிவிடுவதை டுஃபியே பார்த்தாள். பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

அடக்கத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாதாகோயிலில் நன்றி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அதற்கென்று உடுத்திய வெள்ளைத் துணியை மாற்றாமலே சூப்பை அடுப்பில் வைத்தபோது போன் கூவியது. எசி ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். சர்போமா முகநூலில் பேனரைப் போட்டிருந்தாள். 'என் தம்பி, என் பிள்ளை' என்று எழுதியிருந்தாள். ஊரே அதன் கீழே கூடியிருந்தது. என்ன அழகு, என்ன உயிர், நேரில் நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். எடுத்தவள் பெயர் எங்கேயும் இல்லை.

டுஃபியேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அகப்பையை வைத்துவிட்டு அங்கேயே நின்றபடி சர்போமாவின் பதிவுக்குக் கீழே தட்டினாள்: 'படம் எடுத்தது யாருன்னு கேட்டா சொல்லுவீங்களா?' தட்டியதை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்துப் போட்டாள். வரட்டும். என்ன வந்தாலும் இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று வெங்காயத்தை நறுக்கினாள்.

சூப் கொதிவரும்போது பதில் வந்தது. சர்போமா இரண்டே சொல் எழுதியிருந்தாள்.

'அவன் பொண்டாட்டி.'

டுஃபியே அதைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"பேரைச் சொன்னா நாக்கு வெந்துருமா இவளுக்கு?" என்று உரக்கச் சொல்லிவிட்டு, உப்புப் பார்க்கச் சூப்பை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள்.